ரிஜெக்ட் அக்காவின் இரண்டாவது விண்ணப்பம்

மன்னார்த் தீவில் ரிஜெக்ட் அக்கா ஒரு தடவையாவது திருப்பி அனுப்பாத உயிரினம் கிடையாது. நண்டு, ஐஸ் லொறி, கொழும்பிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்த ஆய்வாளர், மூன்று கல்யாணத் தரகர்கள், தேர்தல் நேரத்தில் கும்பிட்டபடி வந்த ஒரு வேட்பாளர் எல்லோரும் அவர் வாயால் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்த வழியே போனவர்கள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை. தாழ்வுபாட்டுக் கரையில் எங்கள் கம்பனியின் நண்டு வாங்கும் நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. காலையில் வள்ளங்கள் வந்ததும் ஒவ்வொரு நண்டாக எடுப்பார். அளவுத் தகட்டில் வைப்பார். வயிற்றைத் திருப்பிச் சினை இருக்கிறதா என்று பார்ப்பார். பெருவிரலால் மேலோட்டை அழுத்திப் பார்ப்பார். பிறகு வானத்தைப் பார்த்து, "ரிஜெக்ட்" என்பார். பூசையில் குருவானவர் ஆசீர்வாதம் சொல்வதுபோல அவ்வளவு நிதானமாக.

நான் அந்த நிலையத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவன். பிறந்தது, படித்தது எல்லாம் தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். ஊருக்குத் திரும்பி வந்தபோது என் ஆங்கிலம் எனக்கு வேலை வாங்கித் தந்தது. என் தமிழ் அதை முதல் நாளே பறிக்கப் பார்த்தது. அக்கா கூப்பிட்டதும், "இதோ வந்துட்டேங்க மேடம்" என்று ஓடினேன். அவர் கையிலிருந்த நண்டை அப்படியே வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீ வேலைக்கு வந்தனியோ, படத்தில நடிக்க வந்தனியோ?"

"வேலைக்குத்தான் மேடம்."

"அப்ப 'வாறன் அக்கா' எண்டு சொல்லு. மேடம் எண்டால் நான் திரும்பிப் பார்க்கமாட்டன்."

அன்றிலிருந்து அக்கா. வேலை தப்பியது.

எங்கள் கம்பனியின் மன்னார்க் கிளைக்கு ஒரு மேனேஜர் உண்டு. அவர் எப்போதும் கொழும்பிலிருந்து வருவார். எப்போதும் எம்.பி.ஏ. படித்திருப்பார். நண்டை எப்போதும் தட்டில்தான் பார்த்திருப்பார். அவரைப் பழக்கி எடுக்கும் பொறுப்பு எப்போதும் அக்காவுக்கு வரும். முதலாமவர் நண்டு கடலுக்குள்ளேயே சிவப்பாகத்தான் திரியும் என்று நம்பிக்கொண்டு வந்தவர். இரண்டாமவருக்கு நண்டென்றால் பயம். கந்தோர் மேசைக்குக் கீழே எதுவும் அசைந்தால் கதிரையில் ஏறி நிற்பார். மூன்றாமவர் நல்ல மனிதர். வந்த அன்றே கரையில் நின்று கடலைப் பார்த்து, "இதன் முழுத் திறனை நாங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை" என்றார். கடல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாமவர் மாற்றலாகிப் போனபோதே அக்கா அந்தப் பதவியைக் கேட்டுத் தலைமைக் கந்தோருக்கு எழுதியிருந்தார். மூன்றாமவர் வந்து இறங்கிய வாரத்தில்தான் பதில் வந்தது. அக்காவின் சேவையை மிகவும் மெச்சுவதாகவும், அந்தப் பதவிக்கு எம்.பி.ஏ. கட்டாயம் என்றும் நான் வாசித்துச் சொன்னேன்.

"ரெண்டு எம்.பி.ஏ.யை நான் வளர்த்து விட்டிருக்கிறன், மூண்டாவதும் வந்து இறங்கியிட்டுது" என்றார் அக்கா. "எனக்கு ஒண்டு எடுக்க எவ்வளவு காலம் செல்லும்?"

"இரண்டு வருஷம் அக்கா. வேலை செய்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம்."

"எடுப்பம்."

வெளிவாரியாகப் படித்து வாங்கிய வர்த்தகப் பட்டம் ஒன்று அவரது அலுமாரிக்குள் ஏற்கெனவே இருந்தது. கொழும்பில் பெயர் பெற்ற ஒரு வணிகக் கல்லூரியைத் தெரிவுசெய்தார். அங்கே இடம் கிடைப்பது சுலபமில்லை என்று யாரோ சொன்னதால், இணையத்தில் தேடி ஒரு விண்ணப்ப ஆலோசகரையும் பிடித்தார். அந்த மனிதரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. வீடியோவில் வருவார், எப்போதும் ஓடுகிற காருக்குள் இருப்பார். முதல் நாள் கேட்டார்:

"உங்கட கதை என்ன?"

"நான் நண்டு வாங்கிறன்."

"அது வேலை. நான் கதையைக் கேக்கிறன்."

"காலமை வாங்கிறன். பின்னேரம் லொறியில ஏத்தி அனுப்பிறன்."

ஆலோசகர் பெருமூச்சு விட்டார். கார் ஒரு சிக்னலில் நின்றது. "உங்கட ஊரில யுத்தம் நடந்ததுதானே?"

"ஓம்."

"பிறகென்ன" என்றார் அவர், மலர்ந்த முகத்தோடு.

கட்டுரை வந்து சேர்ந்தபோது கடைசித் திகதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. நண்டுப் பருவம் உச்சத்தில் இருந்தது. அக்கா கையெல்லாம் உப்புத் தண்ணீரோடு வந்து, "தம்பி, ஒருக்காப் பார். இங்கிலீஷ் பிழை இருந்தால் திருத்தி அனுப்பிவிடு. எனக்கு லொறி வந்திட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசித்தேன். இரண்டாவது பந்தியில் அக்காவின் அப்பா யுத்தத்தில் கடலில் இறந்து போயிருந்தார். தகப்பனை இழந்த சிறுமி வறுமையை வென்று, சமூகத்தை வென்று, கடைசியில் தலைமைத்துவத்தை வந்தடைந்திருந்தாள். அதே நேரம் இறந்துபோன தகப்பனார் என் யன்னலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

புத்தியுள்ளவன் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. முகாமில் வளர்ந்தவனுக்குப் படிவம் என்றால் என்னவென்று தெரியும். பாய்க்கு ஒரு படிவம், மண்ணெண்ணெய்க்கு ஒரு படிவம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு படிவம்; எல்லாவற்றிலும் கொஞ்சம் அழ வேண்டும். அழுகை போதாவிட்டால் பாய் வராது. பாய்க்கே அவ்வளவென்றால் எம்.பி.ஏ.க்கு ஒரு தகப்பன் தேவைப்படும்தானே என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த குறை வேறு. ஆலோசகரின் சோகத்தில் நயம் போதவில்லை. அதனால் பந்தியின் முடிவில் என் சொந்தச் சரக்காக ஒரு வசனம் சேர்த்தேன்: 'கடல் அவரை எங்களுக்குத் திருப்பித் தரவேயில்லை.' இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். கண் கலங்கியது. அனுப்பிவிட்டேன்.

கட்டுரை வேலை செய்தது. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது.

நேர்முகம் வீடியோவில், அக்காவின் வீட்டு முன்னறையில் நடந்தது. பின்னால் தெரிந்த அலுமாரியை வெள்ளைத் துணியால் மூடினோம். கோழிகளை அயல்வீட்டுக்கு அனுப்பினோம். சிக்னல் யன்னலோரத்தில் மட்டும் கிடைக்கும் என்பதால் நான் என் ஃபோனை யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி நிலத்தில் இருந்தேன். திரையில் மூன்று பேர். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

நடுவிலிருந்த அம்மையார் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார். "உங்கள் லேட் ஃபாதர் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் எல்லோரையும் அது உலுக்கிவிட்டது."

அப்பா எங்கேயும் பிந்தித்தான் வருவார் என்று ஒத்துக்கொள்வதுபோல அக்கா தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. கையில் இரண்டு பாரை மீனோடு அப்பா உள்ளே வந்தார்.

"பிள்ளை, மோட்டர்சைக்கிள் திறப்பு எங்க?"

"மன்னியுங்கள்" என்றார் அக்கா திரையைப் பார்த்து. "அது என்னுடைய அப்பா."

மூன்று பேரும் அசையவில்லை. சிக்னல்தான் போய்விட்டதாக்கும் என்று நான் ஃபோனை இன்னும் வெளியே நீட்டினேன்.

"உங்கள்... லேட் ஃபாதரா?" என்றார் அம்மையார்.

"இல்லை மேடம். இன்றைக்கு வேளைக்கே வந்துவிட்டார்."

அப்பா மரியாதை தெரிந்தவர். யாரோ பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள் என்று விளங்கியதும் குனிந்து கமெராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, மீன் பிடித்த கையாலேயே வணக்கம் சொன்னார். இடப்பக்கம் இருந்தவரின் கமெரா அணைந்தது. வலப்பக்கம் இருந்தவர் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டேயிருந்தார். அதன் பிறகு கேள்விகள் அதிகம் இல்லை.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. மிகத் தகுதியான விண்ணப்பங்கள் பல கிடைத்ததால் இம்முறை இடமளிக்க முடியாமைக்கு வருந்துவதாக எழுதியிருந்தார்கள்.

"வருந்துகினம் எண்டால் எடுக்கலாம்தானே" என்றார் அக்கா. "ஆர் மறிச்சது?" பிறகு சிறிது யோசித்து, "அந்தக் கட்டுரையை ஒருக்கால் எடு. நான் இன்னும் வாசிக்கேல்லை" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். ஐஸ் பெட்டிகளுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவசரமாக வெளியே போனேன். எல்லா மூடிகளும் சரியாகத்தான் இருந்தன. மறுபடி பார்த்தேன். அக்கா வாசலுக்கு வந்தார்.

"இவங்கள் என்ர அப்பாவைச் சாகடிச்சுப் போட்டாங்கள், தம்பி."

"யார் அக்கா?" என்று கேட்டேன். அந்த 'யார்' என்ற சொல்லை நான் எவ்வளவு வெள்ளந்தியாக உச்சரித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அக்கா ஆலோசகரைக் கூப்பிட்டார். அவர் காருக்குள்ளிருந்து மிகவும் அனுதாபத்தோடு பேசினார். "கட்டுரையில குறை இல்லை. ஐயா உள்ள வந்ததுதான் பிழைச்சுப்போச்சு. இதையே வேற கல்லூரிக்கு அனுப்புவம். அப்பாவை இனி விடுவம், ஆபத்து. உங்களுக்குச் சகோதரம் ஒருத்தரும் இல்லையோ?"

அக்கா வானத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். என்ன சொல் என்று நான் எழுதத் தேவையில்லை. ஆலோசகரும் அத்தோடு அந்தப் பட்டியலில் சேர்ந்தார்.

அப்பாவிடம் அக்காதான் நேரே சொன்னார், மத்தியானச் சாப்பாட்டில். அவர் வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்:

"என்னைச் சாக்காட்டியும் இடம் தரேல்லையோ?"

அதன் பிறகு அந்த வீட்டில் அக்காவுக்கு நிம்மதி இருக்கவில்லை. ஐஸ் ஏற்ற ஆள் குறைகிறது, ஒருக்கால் வாங்கோ என்றால், "செத்த ஆக்களை வேலைக்குக் கூப்பிடப்படாது பிள்ளை" என்பார். மருந்து குடித்தீர்களா என்று கேட்டால், "இனி எனக்கென்னத்துக்கு" என்பார். கல்லறைத் திருநாளுக்குச் சேமக்காலையில் அம்மாவின் கல்லறைக்குப் போனபோது, அக்கா கையில் இருந்த மெழுகுதிரியைப் பார்த்து, "எனக்கும் சேர்த்து ஒண்டு கொளுத்திவிடு" என்றார்.

அன்றைக்கு அக்கா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பாதான் அதை மெதுவாக வாங்கி அம்மாவுக்குத் திரியைக் கொளுத்தினார். அம்மா போனது நோயில். அதை அக்கா ஆலோசகருக்குச் சொல்லித்தான் இருந்தார். "நோய் எல்லாருக்கும் வாறதுதானே" என்று அவர் அதைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டுவிட்டாராம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நிலையத்தில் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. கூட்டத்துக்கு அக்கா, அப்பா, நான் என்று மூன்று பேர். வெள்ளைப் பலகை ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. பதனிடும் தொழிற்சாலையிலிருந்து எங்கள் பெட்டி திரும்பி வந்தால் அக்கா மூன்று கேள்வி கேட்பார். எங்கே பழுதானது, யார் கையில் பழுதானது, அடுத்த பெட்டியில் அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது. அந்த மூன்றையும் பலகையில் எழுதினார். இரண்டாவதை எழுதும்போது நான் மறுபடி ஐஸ் பெட்டி மூடிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

"ஒண்டு, கட்டுரை. முழுப் பொய். ரெண்டு, பரிந்துரைக் கடிதம்."

பரிந்துரைக் கடிதத்தைத் தந்தவர் தலைமைக் கந்தோரில் இருந்த பெரியவர். அக்காவை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கடிதம் முழுக்க அக்கா ஆண்பிள்ளையாக இருந்தார், அதுவும் கடுமையாக உழைக்கும் ஆண்பிள்ளை.

"மூண்டு, எம்.பி.ஏ. ஏன் எண்டு கேட்டதுக்கு 'உலகளாவிய பார்வை' எண்டு எழுதியிருக்கு. எனக்குப் பேசாலை ஊருக்கு அங்கால பார்வை தேவையில்லை. எனக்கு அந்த மேனேஜர் கதிரைதான் வேணும்."

"நாலு, நான்" என்றார் அப்பா.

அக்கா பலகையில் 'அப்பா – உயிரோடு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

நான் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். ஒரே நேரத்தில் ஐந்து கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஏதாவது ஒன்றில் மாட்டும்தானே என்றேன். குருவானவரிடம் ஒரு நற்சான்றிதழ் வாங்கலாம் என்றார் அப்பா. அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, "அதே கல்லூரி. அடுத்த வருசம்" என்றார்.

"அதே இடமா? அவங்க நம்மளை மறந்திருக்க மாட்டாங்களே அக்கா" என்றேன். பயத்தில் என் தமிழ் முகாமுக்குத் திரும்பிப் போயிருந்தது.

"மறக்கப்படாது. பழுதான பெட்டியை எந்த வாசலுக்கு அனுப்பினமோ, நல்ல பெட்டியும் அந்த வாசலுக்குத்தான் போகோணும். இல்லாட்டி எங்களைப் பழுதான ஆக்கள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருப்பினம்."

அந்த வருஷம் முழுவதும் அக்கா படித்தார். நுழைவுப் பரீட்சைக் கணக்குகளை நண்டுப் பெட்டியின் மூடியில் வைத்துச் செய்தார். கேள்வித்தாளோடு சண்டை பிடித்தார். 'ஒரு வியாபாரி தன் பொருட்களில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதென்று ஒதுக்குகிறார்' என்று ஒரு கணக்கு வந்தது. "மூண்டில ஒண்டு பழுதெண்டால் இவன் வாங்கேக்க என்ன செய்துகொண்டு நிண்டவன்?" என்று கேட்டார். விடையைக் கண்டுபிடிக்க முன்னர் அந்த வியாபாரியை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு தேவைப்பட்டது. ஒன்றை மூன்றாவது மேனேஜரிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, தட்டுத்தடுமாறிய தமிழில், "நான் இதை எழுதினால் பிறகு நீங்கள் என்ட கதிரையில் இருப்பீங்க" என்றார். "ஓம்" என்றார் அக்கா. மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க எழுதினார். அதில் ஒரு வசனம் எனக்கு நினைவிருக்கிறது: 'இந்த நிலையத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவர் சொல்லித் தந்தது, தெரியாததெல்லாம் நான் கேட்கத் தவறியது.' கடலின் திறனை அளக்க வந்தவரிடம் இப்படி ஒரு வசனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மற்றக் கடிதத்துக்கு அக்கா தெரிவுசெய்த ஆளைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. சூசை அண்ணன். தாழ்வுபாட்டில் வள்ளம் வைத்திருக்கும் மீனவர். அக்காவிடம் அதிகமாக நண்டு திருப்பி வாங்கியவர் என்ற சாதனை அவருடையது. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

"எழுது தம்பி. இந்தப் பிள்ளைக்கு வாய் சரியில்லை."

"அண்ணன், இது பரிந்துரைக் கடிதம்."

"அதுதான் சொல்லுறன். வாய் சரியில்லை. கை சரி. பதினொரு வருசமா என்ர நண்டை நிறுக்கிறா, ஒரு நாளும் தராசில விரல் வைச்சதில்லை. மற்ற இடங்களில நிறுக்கேக்க தராசே பாதி நண்டைத் தின்னுப்போடும். எழுதினியோ?"

"எழுதினேன்."

"சின்ன நண்டைத் திருப்பித் தரேக்க எனக்குக் கோவம் வரும். வீட்ட போய் ஏசுவன். ஆனால் இந்தக் கரையில இன்னும் நண்டு கிடக்கெண்டால் அதுவும் ஒரு காரணம். இதை அவவுக்கு வாசிச்சுக் காட்டாதை."

படிவத்தில் பரிந்துரைப்பவரின் நிறுவனம் என்று ஒரு கட்டம் இருந்தது. "என்ர வள்ளம்" என்றார். பதவி என்று இன்னொரு கட்டம். "ஓட்டுறதும் நான், வலை எடுக்கிறதும் நான், தண்ணி இறைக்கிறதும் நான். பெரிசா ஒண்டைப் போட்டுவிடு" என்றார். என் விரல்கள் பழக்கதோஷத்தில் 'நிர்வாகப் பணிப்பாளர்' என்று தட்டத் தொடங்கின. பாதியில் நிறுத்தினேன். அழித்துவிட்டு 'மீனவர்' என்று எழுதினேன்.

கடைசியாகக் கட்டுரை. நீங்கள் தவறிய ஒரு சந்தர்ப்பத்தை விவரியுங்கள் என்று கேட்டிருந்தார்கள். போன வருஷம் இடம் கிடைக்காததை எழுதுவார் என்று நினைத்தேன். அக்கா சில வாரங்களாக ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அதை என் மேசையில் வைத்து, "இதை இங்கிலீஷில மாத்து. ஒரு சொல்லும் கூட்டாதை" என்றார்.

அதில் இருந்தது இதுதான். சில வருஷங்களுக்கு முன்னர் ஒரு காலை சூசை அண்ணன் நிறைய நண்டோடு வந்திருக்கிறார். எல்லாம் நல்ல நண்டு, உயிரோடு. எங்கள் ஐஸ் லொறி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. லொறி வரும்வரை அக்கா அவரைக் காத்திருக்கச் சொன்னார். வெயில் ஏறியது. லொறி வந்து சேர்ந்தபோது நண்டுகள் செத்துப் போயிருந்தன. செத்த நண்டை வாங்கக்கூடாது என்பது கம்பனியின் விதி. அக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல அந்தச் சொல்லைச் சொன்னார். சூசை அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர், இரண்டு பருவம் எங்கள் பக்கம் வரவில்லை.

'அது எங்கள் பிழை என்று அந்தச் சொல்லைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தார் அக்கா. 'விதியைக் காப்பாற்றினேன் என்று எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு பருவம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், பிழை எங்களுடையது என்று சொன்னேன். அவர், தெரியும், நீ எப்ப சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். எனக்குத் தேத்தண்ணி தந்தார். அடுத்த நாள் நண்டு கொண்டுவந்தார். அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், அளவு போதாது. ஆட்களை எப்படி நடத்துவது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அதைப் படிக்கத்தான் வருகிறேன்.'

சூசை அண்ணன் எனக்கு ஒரு மணித்தியாலம் கடிதம் சொன்னவர். இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அக்கா தராசைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா. போன கட்டுரையில் கடல் திருப்பித் தரவில்லை என்று ஒரு வசனம் இருந்ததே. அதை ஆலோசகர் எழுதவில்லை. நான்தான் எழுதினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ திருத்தின இடமெல்லாம் கொம்பியூட்டர் ஓரத்தில உன்ர பேரைப் போட்டு வைச்சிருந்தது. நான் வாசிச்ச அண்டைக்கே கண்டனான்."

"பிறகு ஏன் என்னைக் கேட்கவில்லை?"

அக்கா தராசைத் துணியால் துடைத்தார். "நீயாச் சொல்லுவாய் எண்டு பார்த்தன். சூசை அண்ணன் எனக்கு ரெண்டு பருவம் தந்தவர். உனக்கு ஒரு வருசம் குடுத்தால் என்ன குறைஞ்சு போகும்?" என்றார். துணியைப் பிழிந்துவிட்டு, "வசனம் நல்ல வசனம்தான். செத்த ஆருக்கும் எழுதியிருக்கலாம்" என்றார்.

இரண்டாவது நேர்முகத்துக்கு அக்கா கொழும்புக்கு நேரிலேயே போனார். கூடவே அப்பாவும் போனார். "சாட்சிக்கு நான் வரத்தான் வேணும்" என்று பிடிவாதம். நான் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நடந்ததை அப்பா சொல்லித்தான் அறிந்தேன், அக்காவும் மறுக்கவில்லை.

அதே அம்மையார் நடுவில் இருந்திருக்கிறார். கட்டுரையைப் பற்றி நிறையக் கேட்டார்களாம். போன வருஷக் கட்டுரையைப் பற்றியும் கேட்டார்களாம். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அது என் பிழை என்றிருக்கிறார் அக்கா. என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைசியில் அம்மையார், "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டிருக்கிறார்.

"வெளியில் கதிரையில் இருக்கிறார் மேடம். கூப்பிடவா?"

கூப்பிட்டார்கள். உங்கள் மகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அப்பா தமிழில் சொன்னார். அக்கா ஒரு சொல்லும் விடாமல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

"போன முறை என்னைச் சாகக் குடுத்தவ. இந்த முறை புதுச் சேட்டு எடுத்துத் தந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. முன்னேற்றம்தான்."

இடம் கிடைத்தது.

இரண்டு வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரயிலேறிப் போனார். ஞாயிறு திரும்பினார். திங்கள் காலை வழக்கம்போல வள்ளங்களுக்கு முன்னால் நின்றார். படிப்பினால் ஏற்பட்ட ஒரே மாற்றம், நண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இப்போது காரணமும் சொன்னார். பழையபடி ஒற்றைச் சொல்லே பரவாயில்லை என்று மீனவர்கள் முறைப்பாடு செய்தார்கள்.

பட்டம் வந்ததும் கம்பனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அக்காவை மேனேஜராக்கியது. ஆனால் மன்னாரில் இல்லை, கிழக்குக் கரையில். எம்.பி.ஏ. படித்தவர் வேறு ஊரிலிருந்துதான் வர வேண்டும் என்ற தன் கொள்கையைக் கம்பனி அவருக்காகவும் தளர்த்தவில்லை. அக்கா பெட்டியைக் கட்டினார். அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளே, "இஞ்ச மேனேஜர்மாரைப் பழக்கி விடுறது ஆர்?" என்று கேட்டாராம். பன்னிரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்துவந்த ஒரு பெண்ணைக் காட்டினார்களாம். அடுத்த வாரமே அவருக்கு எம்.பி.ஏ. விண்ணப்பப் படிவம் எடுத்துக் கொடுத்து, கட்டுரையைத் தானே எழுதச் சொல்லியிருக்கிறார்.

தாழ்வுபாட்டு நிலையம் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பின்னேரம் லொறி போனதும் அக்கா ஃபோன் எடுப்பார். சுகம் விசாரிப்பது எல்லாம் கிடையாது. எத்தனை பெட்டி, எந்த அளவு, எதைத் திருப்பிக் கொடுத்தாய், ஏன் கொடுத்தாய் என்று கேட்பார். எங்கள் நண்டுக் கணக்கு அவருக்கு இப்போது எந்த வேலைக்கும் தேவையில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் வாசற்படியில் இருந்துகொண்டு, முதலாவது பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு வருவேன்.